கதவைத் தட்டுறது யாரு? ஜாம்பி படங்கள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஜாம்பி படம் நெறைய பாப்பேன்னு தெரிஞ்ச ஆளுங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம். ஒவ்வொரு தடவையும் டீக்கடையில நின்னு பதில் சொல்லி டீ ஆறிப் போறதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். ஜாம்பின்னா செத்தோ நோய் புடிச்சோ அறிவு போயி மனுஷங்கள கடிக்க வர்ற ஆளு, கடி பட்டவனும் அப்டியே மாறிருவான். முன்னாடியே சொல்லிடுறேன், கீழ பல படத்தோட முடிவு வரைக்கும் பேசியிருக்கேன், இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

ஜாம்பி படம்னாலே கடி, ரத்தம், ஓட்டம் தானே? இதுல நல்ல படம் கெட்ட படம்னு என்ன இருக்கு?

இருக்குங்க, ஆனா அது ரத்தத்துல இல்ல. நான் பாத்த வரைக்கும் மனசுல ஒட்டுன ஜாம்பி படம் எல்லாத்துலயும் ஒரு கதவு இருக்கு. வெளிய ஒருத்தன் நின்னு தட்டுறான், உள்ள இருக்கவன் கையில தாழ்ப்பாள் இருக்கு, தொறந்தா அவன் பின்னாடியே மத்ததும் உள்ள வந்துரும், தொறக்கலேன்னா அவன் செத்தான். அந்த ரெண்டு செகண்டுல உள்ள இருக்கவன் என்ன பண்றான்ங்கறதுக்காகத் தான் நான் படமே பாக்குறேன். ஜாம்பி கூட்டம் வெளிய நின்னாத்தான் அந்தக் கேள்வி வரும், அதுக்குத் தான் ஜாம்பி.

28 வீக்ஸ் லேட்டர்னு 2007-ல வந்த படத்தோட ஆரம்பத்த மட்டும் பாருங்க, மீதிப் படம் அந்த அளவுக்கு இல்ல, ஆனா அந்த ஆரம்பத்துக்கு ஈடு கெடையாது. கிராமத்துல ஒரு வீடு, ஜன்னல் எல்லாம் பலகை வச்சு அடைச்சு இருட்டுல கொஞ்சம் பேர் சாப்பிட உக்காந்திருக்காங்க. ஒரு பையன் வந்து கதவத் தட்டுறான், காப்பாத்துங்கன்னு கதறுறான். தொறக்குறாங்க. கொஞ்ச நேரத்துல அவன் பின்னாடியே வந்ததுங்க வீட்ட ஒடச்சுகிட்டு உள்ள வருது. டான்ங்கற புருஷன் மாடியில பொண்டாட்டிய பாக்குறான், அவ அந்தப் பையன விட்டுட்டு வர மாட்டேங்குறா, நடுவுல அதுங்க நிக்குது, இவன் அவள விட்டுட்டு ஜன்னல் வழியா குதிச்சு ஓடுறான். அவ மேல ஜன்னல்ல நின்னு கத்துறா, இவன் புல்வெளியில ஓடிகிட்டே இருக்கான். அப்புறம் தன் புள்ளைங்ககிட்ட "என்னால ஒண்ணும் பண்ண முடியல"ன்னு கதை வேற சொல்றான். நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன், நல்ல பதில் ஒண்ணும் வரல.

பேய் படத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

நம்ம பேய்க்கு ஒரு பேரு இருக்கும், ஊரு இருக்கும், யாரு ஏமாத்துனா எங்க பொதைச்சான்னு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கும், அதுக்கு ஒண்ணு வேணும். வேணுங்கறத குடுத்தா போயிரும், இல்லேன்னா பூசாரி, வேப்பிலை, தாயத்து, எலுமிச்சம்பழம்னு ஏதோ ஒரு வழி இருக்கு. பெண் என்றால் பேயும் இரங்கும்னே பழமொழி இருக்கு பாருங்க. ஜாம்பி இரங்காது. அதுக்கு உங்க மேல கோவமும் கெடையாது, பழி வாங்கவும் இல்ல, நீங்க நல்லவரா கெட்டவரான்னு அக்கறையும் இல்ல. பேச்சு வார்த்தைக்கே இடமில்லாத ஒண்ணு.

இன்னொண்ணு, பேய் உங்கள கொல்லத்தான் பாக்கும். ஜாம்பி உங்கள ஜாம்பியா ஆக்கிரும். எதிரி கூட்டத்துல ஒரு ஆள் கூடுது, உங்க பக்கம் ஒரு ஆள் கொறையுது, அதுவும் கூடுன ஆள் உங்க அக்காவா இருக்கும்.

இந்த ஜாம்பிங்கற சமாச்சாரம் எங்கேருந்து வந்துச்சு?

ஹெய்ட்டி. கரீபியன் கடல்ல இருக்க நாடு, பிரெஞ்சுக்காரன் ஆப்பிரிக்காலேருந்து அடிமைங்கள கொண்டு வந்து கரும்புத் தோட்டத்துல போட்டு கசக்கிப் பிழிஞ்ச எடம். அங்க அடிமைங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் செத்தா சொந்த மண்ணுக்கு ஆவி திரும்பிப் போயிரும்ங்கறது தான். ஜாம்பின்னா செத்த பிறகும் விடுதலை இல்ல, எந்திரிச்சு வந்து வேற ஒருத்தனுக்கு வேலை பாக்கணும். அதாவது அவங்க ஜாம்பிய பாத்து பயப்படல, ஜாம்பியா ஆயிருவோமோன்னு பயந்தாங்க. இத முழுசா புரிஞ்சுகிட்ட பிறகு எனக்கு எந்த ஜாம்பி படத்தையும் பழைய மாதிரி பாக்க முடியல.

1915-லேருந்து 1934 வரைக்கும் அமெரிக்க ராணுவம் ஹெய்ட்டிய புடிச்சு வச்சிருந்துச்சு, அந்தக் காலத்துல தான் இந்தக் கதைங்க அமெரிக்காவுக்குப் போச்சு. 1932-ல ஒயிட் ஜாம்பின்னு படம் வந்துச்சு, பேலா லுகோசி வில்லன். அதுல ஒரு கரும்பு ஆலை சீன், ஜாம்பிங்க செக்கு மாடு மாதிரி சுத்தி சுத்தி மில்லத் தள்ளிகிட்டு இருக்கு, ஒருத்தன் தவறி அரவைக்குள்ள விழுந்துடுறான், ஒருத்தரும் நிக்கல, திரும்பிக் கூட பாக்கல, மில்லு பாட்டுக்கு சுத்துது. மத்தபடி படம் ரொம்பப் பழசாத் தெரியும், அந்த ஒரு சீனு மட்டும் இன்னைக்கும் வயித்தப் பெசையும்.

1968-ல வந்த கறுப்பு வெள்ளைப் படத்தப் பாத்து இப்போ யாருக்குங்க பயம் வரும்?

நைட் ஆஃப் தி லிவிங் டெட் தானே கேக்குறீங்க. அது தான் இந்த வகைக்கே தாய்ப் படம். ஜார்ஜ் ரொமேரோவும் அவர் கூட்டாளிங்களும் பிட்ஸ்பர்க் பக்கத்துல விளம்பரப் படம் எடுத்துகிட்டு இருந்த பசங்க, கையில காசு போட்டு சுமார் 1,14,000 டாலர்ல எடுத்தாங்க. ரத்தத்துக்கு சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளையில அது போதும். ஒரு வேடிக்கை என்னன்னா படத்துல ஜாம்பிங்கற வார்த்தையே வராது. இன்னொண்ணு, ரிலீஸுக்கு முன்னாடி பேர மாத்துனப்போ காப்பிரைட் வரிய போட மறந்துட்டாங்க, படம் பொதுச்சொத்தாப் போச்சு, யாரு வேணா போட்டுக் காட்டலாம்னு ஆயிருச்சு. ரொமேரோவுக்கு நஷ்டம், ஆனா ஊர் பூரா அந்தப் படம் பரவுனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி பயம். கதை ரொம்ப சின்னது. ஒரு பண்ணை வீடு, வெளிய கூட்டம், உள்ள ஏழு பேர். பென்ங்கறவன் ஜன்னலுக்கு எல்லாம் பலகை அடிச்சு மேல இருந்தே சமாளிக்கலாம்ங்கறான், ஹாரி கூப்பர்ங்கறவன் கீழ நிலவறையில போய் பூட்டிக்கலாம்ங்கறான். ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகல, படம் பூரா சண்டை. பென் வெளிய போய் பெட்ரோல் எடுக்கப் பாத்து, அது வெடிச்சு நாசமாகி, உயிரக் கையில புடிச்சுகிட்டு திரும்பி வந்து கதவத் தட்டுறான் பாருங்க, ஹாரி உள்ள நின்னுகிட்டு தொறக்கவே மாட்டான். பென் எட்டி ஒதச்சு ஒடச்சுகிட்டு உள்ள வந்து, மறுபடி கதவ அடைச்சுட்டு, மொத வேலையா ஹாரிய அடி பின்னுவான். நாம கை தட்டுவோம்.

ஆனா கடைசியில என்ன ஆகுது? எல்லாரும் செத்து, பென் ஒருத்தன் உயிரோட தப்பிக்கிறது அந்த நிலவறையில போய் பூட்டிகிட்டதால தான். அதாவது ஹாரி சொன்னது தான் சரி! நாம வெறுத்த ஆள் சொன்னது சரி, நம்ம ஹீரோ சொன்னது தப்பு. விடிஞ்சதும் ஆளுங்க துப்பாக்கியோட வர்றாங்க, ஜன்னல் பக்கம் வந்த பென்ன ஜாம்பின்னு நெனச்சு தூரத்துலேருந்தே சுட்டுடுறாங்க. பென்னா நடிச்ச டுவெய்ன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர், சுடுற கூட்டம் வெள்ளைக்காரங்க, மார்ட்டின் லூதர் கிங்க சுட்டுக் கொன்ன அதே வருஷம். ஒரு வார்த்தை விளக்கம் கெடையாது. கொக்கி போட்டு உடம்ப இழுத்துட்டுப் போறத ஃபோட்டோ ஃபோட்டோவா காட்டி படம் முடிஞ்சிரும். இதுக்கு மேல என்ன பயம் வேணும்.

மெதுவா நடக்குற ஜாம்பியா, ஓடுற ஜாம்பியா, எது பெஸ்ட்?

இந்தச் சண்டை என்னைக்கும் தீராது. ரெண்டுமே வேற வேற பயம், ரெண்டையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது.

மெதுவா நடக்குறதோட அழகு என்னன்னா, ஒண்ண பாத்தா சிரிப்பு வரும், சுத்திகிட்டுப் போயிரலாம், எட்டி ஒதைக்கலாம். பத்து வந்தாலும் சமாளிக்கலாம். ஆனா அது தூங்காது, நீங்க தூங்கணும். அதுக்கு அவசரம் இல்ல. மனுஷன் தெனாவெட்டா நடந்துகிட்டு ஒரு நிமிஷம் அசந்தா முடிஞ்சுது, அதனால இந்த வகைப் படத்துல சாவு எல்லாமே நம்ம தப்பால வரும். 1978-ல ரொமேரோ எடுத்த டான் ஆஃப் தி டெட்ல ராஜர்னு ஒருத்தன் லாரி ஓட்டுற சீன்ல வெளையாட்டுத்தனமா ஆட்டம் போடுவான், அந்த ஆட்டத்துல தான் கடி வாங்குவான்.

ஓடுறது வந்தா யோசிக்க நேரமே இல்ல, அது விபத்து மாதிரி. ஓட்டத்த 2002-ல வந்த 28 டேஸ் லேட்டர் தான் கண்டுபுடிச்சுதுன்னு பல பேர் சொல்றாங்க, இல்ல, 1985-ல வந்த ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்லயே ஓடும். மூளை மூளைன்னு கேட்டுகிட்டு வர்ற ஜாம்பியும் அந்தப் படத்து ஆளு தான், ரொமேரோ படத்துல அப்டி கெடையாது. அட, 1968 படத்துல மொதல்ல சுடுகாட்டுல வர்ற ஆளே நல்லா வேகமாத்தான் வருவான், கார் கண்ணாடிய கல்லெடுத்து ஒடைப்பான்.

எனக்கு எது புடிக்கும்னு கேட்டா நடக்குறது தான். ஓடுறது பாக்குற வரைக்கும் பயம், நடக்குறது ராத்திரி பாத்ரூம் போறப்போ பயம்.

கடி வாங்குனவன் மாறுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகணும்?

இந்தக் கேள்விய கேக்குறவங்கள எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா பாதி படம் இதுல தான் இருக்கு. கதவுன்னு சொன்னேன்ல, இது அதே கதவு தான், ஆனா உள்ள இருக்கவன் உடம்புக்குள்ளயே இருக்கு.

டான் ஆஃப் தி டெட்ல ராஜருக்கு நாள் கணக்காகும். படுக்கையில கெடந்து உருகி, நான் திரும்பி வராம இருக்க முயற்சி பண்றேன்டான்னு கூட்டாளி பீட்டர்கிட்ட சொல்லுவான். செத்துருவான். போர்வைய இழுத்து மூடிட்டு பீட்டர் எதிர்ல துப்பாக்கியோட உக்காந்திருப்பான். எவ்ளோ நேரம்னு தெரியாது. அப்புறம் போர்வை அசையும். ஒரு சத்தம் கெடையாது, யாரும் துரத்தல, ஆனா அத விட பயங்கரமான சீன் சொல்லுங்க பாப்போம்.

28 டேஸ் லேட்டர்ல அதுக்கு நேர் எதிர், இருவது செகண்டு கூட இல்ல. மார்க்ங்கறவனுக்கு காயம் பட்டதப் பாத்த அடுத்த நொடியே கூட இருந்த செலீனா கத்தியெடுத்து வெட்டிப் போட்டுருவா, அவன் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிகிட்டு இருக்கப்பவே. அந்த எடத்துலேருந்து அவளப் பாத்தே நமக்கு பயம். அதே படத்துல ஃப்ராங்க்னு ஒரு டாக்சிக்காரர், நல்ல மனுஷன், மேல ஒரு பொணத்த காக்கா கொத்திகிட்டு இருக்கு, அண்ணாந்து பாக்குறார், ஒரு சொட்டு ரத்தம் கண்ணுல விழுது. அவருக்கே புரிஞ்சிருது. பக்கத்துல வர்ற பொண்ணுகிட்ட, உன்ன ரொம்பப் புடிக்கும்மா, கிட்ட வராத, கிட்ட வராதன்னு கத்துறார். அப்பா ஒருத்தர் அப்பாவா இருக்க மிச்சம் இருக்கற சில செகண்டு. நேரத்த நாள் கணக்கா நீட்டுறதும் செகண்டு கணக்கா சுருக்குறதும் ரெண்டுமே ஒர்க்கவுட் ஆகும், ஆனா ஒரே படத்துல ஹீரோயினுக்கு ரெண்டு மணி நேரமும் சைடு ஆளுக்கு ரெண்டு செகண்டும்னு வச்சீங்கன்னா ஆடியன்ஸ் எந்திரிச்சு போயிருவான்.

எப்டி பரவுச்சு, யாரு காரணம்னு சொல்லியே ஆகணுமா?

தேவையே இல்ல. 1968 படத்துல வீனஸ் கிரகத்துக்குப் போயிட்டு வந்த விண்கலம், கதிர்வீச்சுன்னு டிவியில யாரோ குழப்பமா பேசிக்குவாங்க, அவ்ளோதான், அதையும் உறுதியா சொல்ல மாட்டாங்க. லேபு, டெஸ்ட் ட்யூபு, கோட்டு போட்ட டாக்டர்னு அரை மணி நேரம் எடுத்தா போர் தான். காரணத்த விட விதி முக்கியம். எதனால சாகும், எதப் பாத்து வரும், சத்தத்துக்கா வாசனைக்கா, இத மொதல் இருவது நிமிஷத்துல காட்டிட்டு கடைசி வரைக்கும் மாத்தாம இருக்கணும்.

ட்ரெயின் டு பூசான் ஏன் எல்லாருக்கும் புடிச்சுது? ஜாம்பி படமே பாக்காத எங்க வீட்டு ஆளுங்க கூட அழுதாங்களே?

எங்க வீட்லயும் அதே கதை தான். 2016-ல வந்த கொரியப் படம், யோன் சாங்-ஹோ டைரக்‌ஷன், தென் கொரியாவுல மட்டும் ஒரு கோடிக்கும் மேல ஆளுங்க தியேட்டர்ல பாத்த படம். எங்கம்மாவுக்கு இந்த மாதிரி படம்னாலே ஆகாது, கண்றாவின்னு எந்திரிச்சு போயிருவாங்க, அன்னைக்கு கொத்தவரங்கா ஆஞ்சுகிட்டே பாக்க ஆரம்பிச்சவங்க கையில இருந்தத அப்படியே வச்சுட்டு முழுசா பாத்தாங்க.

காரணம் சொல்றேன். மொதல்ல அது ரயிலு. நீளமா ஒரே கோடு, முன்னாடி போகணும் இல்ல பின்னாடி போகணும், பக்கத்துல போக வழியே இல்ல, ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவுல கண்ணாடிக் கதவு. நான் மொதல்ல சொன்ன கதவ இந்தப் படம் வரிசையா அடுக்கி வச்சிருக்கு. அதுங்களுக்கு கதவத் தொறக்கத் தெரியாது, கண்ணுல பட்டாத்தான் பாயும், இருட்டுல தெரியாதுன்னு விதி. அதனால கண்ணாடியில தண்ணியடிச்சு பேப்பர ஒட்டி மறைக்குறாங்க, சுரங்கப் பாதை வந்து இருட்டாகுறப்போ பூனை மாதிரி நகர்றாங்க. விதி ஒண்ணொண்ணும் ஒரு சீனாகுது, வீணாப் போற விதியே இல்ல.

அடுத்து அந்த அப்பன். சோக்-ஊ, பங்கு மார்க்கெட்ல ஃபண்ட் மேனேஜர், பொண்ணு பொறந்த நாளுக்கு ஏற்கனவே வாங்கிக் குடுத்த கேம் செட்டையே மறுபடி வாங்கிட்டு வர்ற அளவுக்கு கவனம் இல்லாத ஆளு. அந்தப் பொண்ணு ஒரு பாட்டிக்கு எடம் விட்டுக் குடுத்ததுக்கு, இந்த மாதிரி நேரத்துல உன்னப் பாத்துக்கோ போதும்னு புத்தி சொல்றான். நாமளும் புள்ளைங்களுக்கு அதத்தானே சொல்லுவோம். மொதல்ல இவனே தான் கர்ப்பிணிப் பொண்ணும் அவ புருஷனும் ஓடி வர்றப்போ கதவ அடைக்குறவன். அப்புறம் அந்தப் புருஷனோடவே சேந்து பொட்டி பொட்டியா அடிச்சுகிட்டு வந்து, பதினஞ்சாவது பெட்டியில ஆளுங்க பத்திரமா இருக்காங்கன்னு போய் நின்னா, அங்க கோட் சூட் போட்ட ஒரு பெரிய மனுஷன் மத்தவங்கள கெளப்பி விட்டு கதவ துணியால இழுத்துக் கட்டி வச்சிருக்கான், விட மாட்டேங்குறாங்க. எங்கம்மா இந்த எடத்துல தான், "அட பாவி, தொறடா, தொறந்தா என்ன கொறஞ்சா போயிருவ"ன்னு டிவியப் பாத்து வாய்விட்டே திட்டுனாங்க. ஒரு வழியா ஒடச்சு உள்ள போனவங்களையும் உங்களுக்கும் நோய் இருக்கும்னு சொல்லி வாசப்படி பக்கம் தொரத்தி விடுறாங்க.

அப்போ ஒரு பாட்டி. அவங்க அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜாம்பியா நிக்குறா. அந்தப் பாட்டி அக்காவ பாக்குறா, இந்தப் பக்கம் உக்காந்திருக்க நல்ல உடுப்பு போட்ட மனுஷங்கள பாக்குறா, எந்திரிச்சுப் போய் கதவத் தொறந்து விட்டுடுறா. அவ்ளோதான். அது கொலையா, நியாயமா, பைத்தியமா? எங்கம்மா ஒண்ணுமே சொல்லல, கொஞ்ச நேரம் கழிச்சு "அவ பண்ணது தான் சரி"ன்னாங்க. எங்கம்மா எறும்பு புத்துல அரிசி மாவு போடுற ஆளு, புரிஞ்சுக்கோங்க.

முடிவுல அந்தப் பொண்ணும் கர்ப்பிணியும் சுரங்கப் பாதையில நடந்து வர்றாங்க, அந்தப் பக்கம் ராணுவம், இருட்டுல ஆளா ஜாம்பியான்னு தெரியல, சுடச் சொல்லி ஆர்டர் வந்துருது. 1968-ல பென்ன சுட்ட அதே நெலமை. அந்தப் பொண்ணு அழுதுகிட்டே பாட ஆரம்பிக்கிறா, ஸ்கூல்ல அப்பா வராததால பாதியில நிறுத்துன அதே பாட்ட. துப்பாக்கி எறங்குது. படத்துல எல்லாக் கதவும் மூடுன பிறகு இந்த ஒரு கதவு தொறக்குது, அதுக்குத் தான் அவ்ளோ அழுகை.

எடம் முக்கியமா? எங்க வேணா எடுக்கலாமா?

ரொம்ப முக்கியம், தெனமும் போற எடமா இருந்தா இன்னும் நல்லது. டான் ஆஃப் தி டெட் பென்சில்வேனியாவுல மன்ரோவில் மால்ங்கற நெஜ ஷாப்பிங் மால்ல, கடை அடைச்ச பிறகு ராத்திரி ராத்திரியா எடுத்தது. ஜாம்பிங்க ஏன் இங்கயே வருதுன்னு ஒருத்தி கேப்பா, உயிரோட இருந்தப்போ இது அதுங்களுக்கு முக்கியமான எடம், பழக்கம்னு பதில் வரும். எஸ்கலேட்டர்ல அதுங்க ஏறி எறங்குறதப் பாத்தா தீபாவளிக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம ஜவுளிக்கடை ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல. உயிரோட இருக்க நாலு பேரும் அவங்க தங்கியிருக்க எடத்துக்குப் போற மாடிப்படிய பலகை வச்சு மறைச்சு வச்சிருப்பாங்க. கடைசியில அத யாரு காட்டிக் குடுக்குறா தெரியுமா? அவங்கள்ல ஒருத்தனே, ஸ்டீஃபன், ஜாம்பியா மாறுன பிறகு பழக்க தோஷத்துல நேரா அந்த மறைப்புக்கே வந்து நிப்பான், கூட்டம் பின்னாடியே வரும். பழக்கம்னு முன்னாடி சும்மா சொன்ன மாதிரி இருந்த வசனத்துக்கு இங்க தான் வெல.

ஸ்பெயின்ல 2007-ல வந்த ரெக் படம் பார்சிலோனாவுல ஒரே ஒரு அப்பார்ட்மென்டு. டிவி ரிப்போர்ட்டர் பொண்ணும் கேமராமேனும் தீயணைப்பு வண்டி கூட உள்ள போறாங்க, அரசாங்கம் வெளியிலேருந்து பில்டிங்க சீல் வச்சிருது. இங்க தாழ்ப்பாள் வெளிய இருக்கவன் கையில. லாக்டவுன்ல தெருவுல தகரம் அடிச்சு அடைச்சதப் பாத்தவங்களுக்கு இப்போ அந்தப் படம் வேற மாதிரி இருக்கும்.

28 டேஸ் லேட்டர்ல லண்டன் காலியா கெடக்குற சீன் கிராஃபிக்ஸ் பெருசா இல்லாம எடுத்தது. விடியக்காலையில போலீஸ் உதவியோட கொஞ்ச கொஞ்ச நேரம் வண்டிங்கள நிறுத்தி, சீக்கிரம் செட் பண்ண வசதியா சின்ன டிஜிட்டல் வீடியோ கேமராவுல எடுத்தாங்க. அந்த மங்கலான படமே நியூஸ் பாக்குற மாதிரி இருக்கும்.

மேக்கப், கிராஃபிக்ஸ் நல்லா இருந்தா பாதி கெணறு தாண்டுன மாதிரி தானே?

கால் கெணறு. பாதி தாண்டுனாலும் உள்ள தான் விழணும். டான் ஆஃப் தி டெட்ல டாம் சாவினி பூசுன சாம்பல் கலர் ஸ்க்ரீன்ல நீலமா தெரியும், ரத்தம் பெயின்ட் மாதிரி பளபளன்னு இருக்கும், ஆனா யாரும் அதக் குத்தம் சொல்லி படத்த தள்ளல. உடம்ப வச்சு பண்றது தான் இன்னும் நிக்குது, ட்ரெயின் டு பூசான்ல கை காலு முறுக்கிகிட்டு எந்திரிக்கிற அந்த அசைவுக்கு அங்க டான்ஸ் தெரிஞ்ச ஆளுங்கள வச்சு பயிற்சியே குடுத்திருக்காங்க.

வேர்ல்டு வார் ஸீ, 2013, ப்ராட் பிட் நடிச்சது, ஜெருசலேம் மதில்ல ஆயிரக்கணக்குல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எறும்பு மாதிரி வர்ற சீன். பாக்க பிரமாதம். ஆனா அந்தக் கூட்டத்துல ஒரு மூஞ்சி ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல. வெள்ளத்தப் பாக்குற மாதிரி இருந்துச்சு. அந்தப் படமே கடைசிப் பகுதிய மாத்தி மறுபடி எடுத்தப்போ, பெரிய சண்டையத் தூக்கிட்டு ஒரு ஆராய்ச்சிக் கூடத்து வராண்டாவுல சத்தம் போடாம நடக்குறதா மாத்துனாங்க, அந்த எடம் தான் நகத்தக் கடிக்க வைக்குது.

காமெடியா எடுத்தா பயம் போயிராதா?

போகாது, எடுக்குறவங்கள பொறுத்தது. ஷான் ஆஃப் தி டெட், 2004. ஷான் காலையில தூக்கக் கலக்கத்துல கடைக்குப் போய் கோக் வாங்கிட்டு வர்றத மொதல்ல ஒரு தடவ காட்டுவாங்க, ஊரு பூரா ஜாம்பி ஆன பிறகு மறுநாள் அதே மாதிரி போயிட்டு வருவான், அவனுக்கு வித்தியாசமே தெரியாது. சிரிச்சுகிட்டே இருப்போம், அப்புறம் அவன் அம்மாவுக்கு கடி பட்டது தெரியும், சிரிப்பு நின்னுரும். பாட்டு சத்தமா இருக்குன்னு எப்பவும் திட்டுற, அம்மாவோட ரெண்டாவது புருஷன் ஜாம்பியா மாறுன பிறகும் கார்ல பாட்ட நிறுத்துவார், அது காமெடியா சோகமான்னு எனக்கு இன்னும் தெரியல.

தமிழ்ல ஏன் இது பெருசா எடுபடல?

2016-ல மிருதன் வந்துச்சு, சக்தி சௌந்தர் ராஜன் டைரக்‌ஷன், ஜெயம் ரவி ஊட்டியில ட்ராஃபிக் போலீஸ். முயற்சிக்கு கண்டிப்பா பாராட்டணும். 2019-ல யோகி பாபு நடிச்ச ஜாம்பி, அதுக்கு முன்னாடியே ஹிந்தியில கோ கோவா கான், அப்புறம் தெலுங்குல ஜாம்பி ரெட்டின்னு வந்துச்சு, இந்த மூணும் சிரிப்புப் பக்கம்.

எனக்குத் தோணுறது என்னன்னா நம்ம ஹீரோவுக்கு கதவ மூடுற உரிமை கெடையாது. அவன் எல்லாரையும் காப்பாத்தியே ஆகணும், பயப்படக் கூடாது, ஒரு கெழவிய வெளிய விட்டுட்டு தாழ்ப்பாள் போட்டான்னா ரசிகன் சும்மா விட மாட்டான். இன்னொரு சிக்கல், நெறைய பேர நாம எரிச்சுடுறோம், கல்லறையிலேருந்து எந்திரிச்சு வர்றான்னு எடுத்தா லாஜிக் இடிக்கும், வைரஸ் தான் வழி. ஆனா நம்மகிட்ட இருக்கறது வேற எவன்கிட்ட இருக்கு? கூட்டுக் குடும்பம், கல்யாண மண்டபம், சின்ன சைஸ் பஸ்ஸுல நூறு பேரு. மண்டபத்துல மாப்ள வீட்டுக்காரங்க உள்ள, பொண்ணு வீட்டுக்காரங்க வெளியன்னு வச்சு யாராச்சும் எழுதுங்கப்பா, மொய் எழுதுற டேபிள வச்சு கதவ அடைக்கிற மாதிரி.

காசில்லாம குறும்படம் எடுக்கலாம்னு இருக்கேன், என்ன பண்ணலாம்?

மொதல்ல ஜப்பான் படம் ஒன் கட் ஆஃப் தி டெட் பாருங்க, 2017, முப்பது லட்சம் யென்கிட்ட செலவு, அது ஜப்பான்ல ரொம்பச் சின்ன காசு. மொத 37 நிமிஷம் ஒரே ஷாட், பாக்க கேவலமா இருக்கும், நிறுத்திராதீங்க, அதுக்கு மேல நான் வாயத் தொறக்க மாட்டேன், இந்தப் படத்தோட முடிவ மட்டும் சொல்லவே மாட்டேன்.

உங்க படத்துக்கு ஒரு ரூம், ரெண்டு பேர், ஒரு கதவு போதும். ஜாம்பிய காட்டவே வேண்டாம், கதவுல கை தேய்க்கிற சத்தம் மட்டும் வைங்க, அடிக்குற சத்தத்த விட தேய்க்குற சத்தம் மோசமா இருக்கும், வீட்ல பண்ணிப் பாருங்க. வெளிய இருக்கவன் குரல உள்ள இருக்கவனுக்கு அடையாளம் தெரியணும். அவன் கடி வாங்குனானா இல்லையான்னு தெரியக் கூடாது. பின்னணி இசை போட்டுத் தொலைக்காதீங்க, ஃபேன் சத்தம் போதும். அப்புறம் கரண்டு போகட்டும்.

சின்னப் பசங்க பாக்கலாமா?

வேண்டாம். பத்து வயசு அண்ணன் பையன் ஒருத்தன எங்கூட உக்கார வச்சுட்டு அண்ணிகிட்ட வாங்குன திட்டு இன்னும் காதுல இருக்கு.

நெஜமாவே ஜாம்பி வந்தா நீங்க எப்டி தப்பிப்பீங்க?

இவ்ளோ படம் பாத்திருக்கானே, ஏதாச்சும் ப்ளான் வச்சிருப்பான்னு நெனைக்கிறாங்க. ஒண்ணும் கெடையாது. தெருவுல யாரோ கத்துறாங்கன்னு சத்தம் கேட்டா செருப்பு கூட போடாம கேட்டத் தொறந்துகிட்டு என்னாச்சுண்ணேன்னு வெளிய போய் நிக்கிற ஆளு நான். மொத பத்து நிமிஷத்துல, டைட்டில் போடுறதுக்கு முன்னாடி, நான் காலி.